அடுத்த தொற்று வருமுன் எழுத்தில் தாருங்கள்: அம்பாறைக் கரையோரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

அம்பாறை மாவட்டத்தில் தொற்றுநோய்த் தடுப்புக்கும் தனிமைப்படுத்தலுக்கும் பொறுப்பாக இருக்கும் சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கும் நிர்வாகத்துறை அதிகாரிகளுக்கும்,

அண்மையில் எமது பகுதியில் நடைபெற்ற அனர்த்த முன்னாயத்தக் கூட்டம் ஒன்றில், கொரோனாவைப் போல் இன்னொரு நோய் வந்தால் மக்களை எங்கே, எப்படித் தனிமைப்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டேன். "போன முறை செய்ததைத்தான் செய்வோம். ஸ்கூல்களை எடுப்போம், வீடுகளுக்கு நோட்டீஸ் ஒட்டுவோம், தேவையென்றால் ஆமியிடம் கேட்போம்" என்று பதில் சொல்லப்பட்டது. பதில் சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர் கையில் வேறு திட்டம் இல்லை, அவ்வளவுதான். அடுத்த நிமிடமே கூட்டம் வடிகான் துப்புரவுக்குத் தாவிவிட்டது. போன முறை செய்தது சரியாகவே இருந்தது என்று அந்த மண்டபத்தில் விவாதமே இல்லாமல் முடிவாகிவிட்டது. அந்த முடிவை ஏற்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

நான் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையிலுள்ள கடலோரக் கிராமம் ஒன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். எங்கள் ஊரில் பெரும்பாலானோர் கரைவலை இழுப்பவர்கள், இல்லாவிட்டால் வயல் கூலிக்குப் போகிறவர்கள். மாதச் சம்பளக்காரர்களை விரல் விட்டு எண்ணலாம். இந்த மடலில் நான் சொல்லும் அனுபவங்கள் என் வீட்டுடையவை, என் தெருவுடையவை. எந்த உத்தியோகத்தரின் பெயரையும் எந்த வைத்தியசாலையின் பெயரையும் இதில் சொல்லப் போவதில்லை. எனக்குத் தனிமனிதர்களோடு வழக்கு இல்லை.

நாங்கள் தனிமைப்படுத்தலை எதிர்ப்பவர்கள் அல்லர். இதை முதலிலேயே சொல்லக் காரணம், 2020இல் வாய் திறந்து கேள்வி கேட்டவர்கள் எல்லோருக்கும் அந்தப் பட்டமே கட்டப்பட்டது. கொரோனாக் கிருமி ஒருவருடைய உடலில் நுழைந்த பின் அறிகுறி காட்ட 14 நாள் வரை எடுக்கலாம், அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவலாம், ஆகவே நலமாகத் தெரிகிறவரும் சில நாள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதை எடுத்துச் சொன்னால் விளங்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. ஒதுங்கியிருத்தல் எங்களுக்குப் புதிதும் அன்று. காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு செய்து குளிர்த்தி பாடுகிற பகுதி இது. அம்மாள் வருத்தம் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் வெளியார் உள்ளே போவதில்லை. ஆனால் இளநீரையோ மோரையோ யாராவது ஒருவர் கொண்டுபோய்ப் படலையடியில் வைத்துவிட்டு வருவார். நோயாளிக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்த பின் வேப்பிலையும் இறங்கிவிடும். 2021இல் எங்கள் படலையில் நீங்கள் ஒட்டிய தாளும் உள்ளே வராதே என்றுதான் சொன்னது. இளநீர் கொண்டுவர வேண்டியவர் யார் என்று அதில் இல்லை. எப்போது இறக்கப்படும் என்றும் இல்லை.

கிழக்கில் இந்தப் பயம் எங்கிருந்து தொடங்கியது என்பதை நீங்கள் மறந்திருக்கக்கூடும். 2020 மார்ச் 10ஆம் திகதி முதல் இத்தாலி, ஈரான், தென்கொரியா ஆகிய நாடுகளிலிருந்து வந்து இறங்கியவர்களைப் பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காட்டுக்கும், மட்டக்களப்பு மாவட்டத்தின் புணானையிலிருந்த பல்கலைக்கழகக் கட்டடத்துக்கும் கொண்டுபோகத் தொடங்கினார்கள். எங்களில் பலர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தே அறிந்தோம். எதிர்ப்பு எழுந்தபோது, படிப்பறிவில்லாத கூச்சல் என்றும் இரக்கமில்லாத மக்கள் என்றும் சொன்னார்கள். அந்தக் கூச்சலுக்குள் இருந்த கேள்விகள் மிகவும் எளியவை. அந்தக் கட்டடத்தின் கழிவு எங்கே போகும்? உள்ளே சமைப்பவரும் கூட்டுபவரும் மாலையில் எந்தப் பேருந்தில் வீடு திரும்புவார்கள்? ஒருவருக்கு நோய் கண்டால் அவரை எந்த வைத்தியசாலைக்கு, எந்த வழியாக எடுத்துப் போவார்கள்? ஒரு வைத்திய அதிகாரி ஊர் மண்டபத்தில் அரை மணி நேரம் நின்று பதில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் கேள்விகள் இவை. எங்கள் பக்கத்துக்கு அப்படி எவரும் வரவில்லை.

பழைய நினைவும் ஒன்று உண்டு. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்த கதை எங்கள் பாட்டன்மார் வாயால் கேட்ட கதை. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை நாங்களும் அந்த மாவட்டத்தவர்களே. தொழுநோய் மருந்தால் முற்றாகக் குணமாகும் நோய், நோயாளியைத் தீவில் வைக்கத் தேவையில்லை என்று உலகமே ஒப்புக்கொண்ட பிறகும், அந்தத் தீவின் பெயரைச் சொன்னால் எங்கள் முதியவர்கள் முகம் சுருங்கும். அரசாங்கத்தின் வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வருவது உறுதியில்லை என்று அவர்கள் நினைத்ததற்குக் காரணம் வதந்தி மட்டும் அன்று.

பிறகு 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், அதைத் தொடர்ந்து பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்தது. அந்தச் சந்தையோடு தொடர்புபட்டு வாழைச்சேனைப் பகுதியிலும் நோயாளர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். உடனே மீனின் விலை விழுந்தது. சனம் மீனைத் தொடவே அஞ்சியது. மீன் உண்பதால் இந்நோய் வருவதில்லை என்பதை எங்கள் சந்தையிலும் எங்கள் வானொலியிலும் அன்றாடம் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள். ஆனால் அந்த நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டி வந்தது. நாடே பார்த்துச் சிரித்தது. கடற்றொழில் வீடுகளில் யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்காக யாரோ ஒருவராவது கடித்தாரே என்றுதான் நினைத்தோம்.

நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்று, டிசம்பர் கடைசியில் கல்முனை, அதையடுத்துக் காத்தான்குடி என்று ஒவ்வொரு ஊராகப் பூட்டப்பட்டபோது அந்த ஊர்களின் பெயர்களே நோயின் பெயர்களாகிவிட்டன. ஒரு வேலி இந்தப்பக்கம் தமிழர், அந்தப்பக்கம் முஸ்லிம்கள் என்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் இவை. சந்தையும் ஒன்று, வைத்தியசாலையும் ஒன்று. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் ஏற்கெனவே புண்பட்டிருந்த இடத்தில், "அவர்களிடமிருந்துதான் வந்தது" என்ற பேச்சு எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பது உங்களுக்குத் தெரியாததா? எத்தனை பேருக்குத் தொற்று, எந்தக் கொத்தணி என்று நாள்தோறும் எண்ணிக்கை வெளியிட்ட கையோடு, ஓர் ஊர் பூட்டப்பட்டது அந்த ஊராரின் குற்றத்தால் அல்ல என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் எழுந்த அலையில் என் கணவரின் தம்பிக்குப் பிசிஆர் பரிசோதனையில் தொற்று உறுதியானது. வாகனம் இரவில் வந்தது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஏறியவருக்கும் தெரியாது. ஏற்றியவர்களுக்குத் தமிழில் சொல்லவும் தெரியாது. அவரே கைத்தொலைபேசியில் அழைத்து, சுவரில் எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்த பிறகுதான் அவர் இருக்கும் இடத்தை அறிந்தோம். மறுநாள் காலையில் எங்கள் படலையில் தாள் ஒட்டப்பட்டது. எங்கள் வீட்டில் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள். ஆனால் பதிவில் ஒரு குடும்பம். கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் குடிதண்ணீர் தெருக்குழாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். படலைக்கு வெளியே போகக் கூடாது என்றவர்களிடம் தண்ணீருக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டார் எங்களுக்கு உதவியதற்காகத் தங்கள் படலையிலும் தாள் ஒட்டப்படும் என்று பயந்தார்கள். அப்படி ஒட்டப்படாது என்று அவர்களிடம் சொல்வதற்கு எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை போலும். கடைசியில் எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் இருவர் விடிவதற்கு முன் குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள், ஏதோ களவு செய்வதைப் போல.

தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபா பெறுமதியான உலருணவுப் பொருட்கள் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. எங்களுக்கும் கிடைத்தது, தனிமைப்படுத்தல் முடிந்து நாங்கள் கடைக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு. என் மாமியார் நீரிழிவு நோயாளி. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், கிளினிக் நோயாளரின் மருந்துகளைத் தபாற்காரர் மூலம் வீட்டு வாசலுக்கே அனுப்பினீர்கள். அந்த ஏற்பாட்டை நினைத்தவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். இந்த நாட்டில் அந்தக் காலத்தில் நடந்த மிகச் சிறந்த காரியங்களில் அதுவும் ஒன்று. மறு வருடம் நாங்கள் அடைபட்டிருந்தபோது அதே ஏற்பாட்டைக் கேட்டுத் தொலைபேசி எடுத்தால், "அது போன வருசம்" என்று பதில் வந்தது. ஒருமுறை நன்றாகச் செய்தது ஏன் வழக்கமாகவில்லை என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

இவையெல்லாம் ஒரு வீட்டின் இடைஞ்சல்கள் என்று நீங்கள் ஒதுக்கக்கூடாது என்பதற்கான காரணம் இனித்தான் வருகிறது. எங்கள் படலையில் ஒட்டிய தாளைப் பார்த்த பிறகு, எங்கள் தெருவில் காய்ச்சல் கண்டவர்கள் காய்ச்சல் என்று சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். கொத்தமல்லி அவித்துக் குடித்தார்கள். பனடோல் வாங்குவதற்குத் தெரிந்தவர் இல்லாத ஊரிலுள்ள ஃபார்மசியைத் தேடிப் போனார்கள். இருமலை அடக்கிக்கொண்டு கரைவலைக்கும் போனார்கள். பலர் வரிசையாக நின்று, ஒருவர் மூச்சு மற்றவர் கழுத்தில் படும்படி இழுக்கும் வலை அது. உங்கள் கணக்கில் அந்த வாரங்களில் எங்கள் கிராமம் ஓரளவு சுத்தமாகத் தெரிந்திருக்கலாம். பரிசோதனைக்கு ஆள் வராத ஊரில் தொற்று குறைவாகத்தான் தெரியும்.

இதைப் பொறுப்பின்மை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் அந்த மனிதர்கள் போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஒக்டோபரில் வெளியான விதிகளை மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை என்று அறிவித்தீர்கள். பிடிபட்டால்தான் தண்டம், சொல்லிவிட்டாலோ 14 நாள் உழைப்பு நிச்சயமாகப் போகும். வலையில் அன்றன்றைய பங்கை நம்பி உலை வைக்கும் வீட்டுக்கு, சட்டத்துக்குக் கீழ்ப்படிவதுதான் அதிக செலவு. அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளாமல் தண்டத்தை மட்டும் கூட்டினால், மறைப்பவர் இன்னும் கவனமாக மறைப்பார். எங்கள் ஊரில் தனிமைப்படுத்தல் தோற்றது கட்டுப்பாடு போதாமல் அல்ல, சோறும் தண்ணீரும் சம்பளமும் போதாமல்தான் என்பது என்னுடைய முடிவு. இந்த மடலில் நான் கேட்கப்போவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவனவே.

பாடசாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு, பாடசாலை ஒன்றில் அமைக்கப்பட்ட நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தாள். கழிவறை மைதானத்தின் கோடியில்; சின்னப் பிள்ளைகளுக்காகக் கட்டியது; தாழ்ப்பாள் இல்லை, போகும் வழியில் மின்குமிழும் இல்லை. இரவில் இரண்டு மூன்று பெண்களாகச் சேர்ந்து போவார்கள், ஒருவர் வாசலில் காவல் நிற்பார். மாதவிடாய்த் துணிக்கு வாய்விட்டுக் கேட்பதற்கு அங்கே ஒரு பெண் உத்தியோகத்தர் இல்லை. இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. தொற்று உறுதியாகி வைத்தியசாலை வாகனத்துக்குக் காத்திருந்தவர்களும், முடிவு வராதவர்களும், ஒரே குழாயில் முகம் கழுவினார்கள், ஒரே மண்டபத்தில் படுத்தார்கள். நோய் கண்டவரையும், அவரோடு பழகியதால் மட்டும் அழைத்துவரப்பட்டவரையும் ஒன்றாக அடைத்தால், இரண்டாமவர் வீட்டில் இருந்திருந்தால் தப்பியிருக்கவும் கூடும். நோயைத் தடுக்க என்று ஓரிடத்தை அமைத்துவிட்டு, அங்கேயே நோயைப் பரிமாற வைப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

அதே காலத்தில் எங்கள் சந்தை வாசலில் மருந்துத் தண்ணீர் தெளிக்கும் கூடாரம் ஒன்று நின்றது. மனிதர்மீது தொற்றுநீக்கி தெளிப்பது கண்ணுக்கும் தோலுக்கும் கேடு, தெருக்களில் தெளிப்பது பயனில்லாதது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே சொல்லியிருந்தது. எங்கள் பகுதியில் அதன் பின்னரும் தெளித்தார்கள். தெளிப்பதைப் படம் எடுக்கலாம், ஜன்னல்களைத் திறந்து வைத்ததைப் படம் எடுத்து யார் பத்திரிகையில் போடுவார்? காற்றோட்டமில்லாத அறையில் ஒருவர் விட்ட மூச்சு இன்னொருவருக்கு நோயாகிறது என்பதே இந்தக் கிருமியின் முக்கிய வழி என்று தெரிந்த பிறகும், எங்கள் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காய்ச்சல்காரரும், கட்டுப்போட வந்தவரும், கர்ப்பிணியும் இன்றைக்கும் ஒரே வாங்கில்தான் முட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அன்று தனியாக ஒதுக்கிய காய்ச்சல் அறை இப்போது உடைந்த கட்டில்கள் வைக்கும் களஞ்சியமாகிவிட்டது.

கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எரித்ததைப் பற்றிச் சொல்வதற்கு நான் உரியவளா என்று யோசித்தேன். என் வீட்டில் அப்படி ஒரு சாவு நிகழவில்லை. ஆனால் என் பக்கத்து ஊரில் நிகழ்ந்தது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர் எவராயினும், அடக்கம் செய்வதையே முறையாகக் கொண்ட முஸ்லிம்களாயினும், எரிக்கப்பட வேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே, மார்ச் மாதத்திலேயே, வழிகாட்டியிருந்தது. பிறந்து 20 நாளேயான குழந்தையையும் எரித்த பிறகு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று இந்நாட்டின் மருத்துவச் சங்கமும் 2021 தொடக்கத்தில் கூறிற்று. வர்த்தமானி மாற்றப்பட்டது 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான். மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது. அதன்பின் ஒரு வருட காலத்தில் 3,600க்கும் மேற்பட்டோர் அந்த ஒரே நிலத்தில் அடக்கப்பட்டார்கள், முஸ்லிம்கள் மட்டுமல்லாமல் மற்றைய மதத்தவர்களும். நாட்டின் தொலைவான மூலைகளில் இறந்தவர்களின் உடல்களையும் அடக்குவதற்காக மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. மன்னிப்பு நல்லது. ஆனால் அந்தப் பத்து மாதங்களுக்கு மேற்பட்ட காலத்தில் மூச்சுத் திணறலோடு வீட்டிலேயே கிடந்த வயோதிபர்கள் எங்கள் பக்கத்து ஊரில் இருந்தார்கள். வைத்தியசாலைக்குப் போனால் உடல் திரும்பி வராது என்பதே அவர்களின் காரணம். ஒரு சடலத்திலிருந்து பரவும் என்று அஞ்சிப் போட்ட விதியால், உயிரோடிருந்த நோயாளிகள் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள்.

நிர்வாகத்தில் உள்ள ஒரு முடிச்சையும் குறிப்பிட வேண்டும். எங்கள் மாவட்டச் செயலகம் அம்பாறையில். கரையோரச் சுகாதாரமோ கல்முனைப் பிராந்தியப் பணிமனையின் கீழ். அம்பாறைக்குத் தனியே இன்னொரு பிராந்தியப் பணிமனை. அமைதியான காலத்தில் இந்தப் பிரிவு எங்களுக்குத் தெரியவே தெரியாது. தொற்றுக் காலத்தில், தாள் ஒட்டுவது ஒரு பக்கத்தின் வேலை, உலருணவுப் பொதி தருவது மறுபக்கத்தின் வேலை என்று ஆகி, பெயர்ப்பட்டியல் இரண்டுக்கும் இடையில் அலைந்தது. கஞ்சிகுடிச்சாறு, தங்கவேலாயுதபுரம் போன்ற உட்கிராமங்களுக்கு நல்ல நாளிலேயே வாகனம் அரிது. அங்கே ஒரு குடும்பத்தை அடைத்துவிட்டு, பட்டியல் வரட்டும் என்று காத்திருக்க முடியுமா? கார்த்திகை, மார்கழி மாரி வெள்ளத்தில் இடைத்தங்கல் முகாம்களாவதும் இதே பாடசாலைகள்தான் என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அக்கரைப்பற்றும் கல்முனையும் பூட்டப்பட்டது மாரி காலத்தில்தான். வெள்ளமும் தொற்றும் ஒரே மாதத்தில் வந்தால் யாரை எந்த வகுப்பறையில் வைப்பீர்கள்?

களத்தில் நின்றவர்கள் படாத பாடு பட்டார்கள் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தன் சொந்த மோட்டார் சைக்கிளில், தன் செலவில் பெற்றோல் அடித்து, நள்ளிரவு வரை அலைந்தார். பூட்டச் சொல்லி அனுப்பப்பட்டவரின் கையில், கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தமக்குச் சட்டப்படியான அதிகாரம் தரப்படவில்லை என்று 2020 ஜூலையில் அந்தச் சேவையினரே கொவிட் பணிகளிலிருந்து விலகி நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இது முடிந்துபோன கதை என்று சொல்லாதீர்கள். கேரளத்தில் 2018 முதல் நிபா திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. அந்த நோய்க்கு உறுதியான மருந்தோ பொதுமக்களுக்கான தடுப்பூசியோ இல்லை, கண்டவரில் 40 முதல் 75 சதவீதம் பேர் வரை இறக்கிறார்கள். 2019இல் ஒழிந்தது என்று சான்றிதழ் பெற்ற சின்னமுத்து 2023இல் இந்நாட்டில் மீண்டும் பரவியது. 2022 நவம்பரில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவருக்குக் குரங்கம்மை உறுதியானது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்வராத வீடு எங்கள் கரையோரத்தில் அரிது. அடுத்தது எது என்பது எவருக்கும் தெரியாது. எங்கள் படலைக்கு வரப்போவது எந்தத் தாள் என்பதாவது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கேட்கிறோம்.

முதலாவதும் முக்கியமானதுமான கோரிக்கை, கரையோரப் பிரதேசங்களுக்கான தனிமைப்படுத்தல் திட்டம் ஒன்றைத் தமிழில் எழுதி, இரண்டு பிராந்தியப் பணிமனைகளும் மாவட்டச் செயலகமும் சேர்ந்து கையொப்பமிட்டு, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதே. ஒரு வீடு பூட்டப்படும் நாளிலேயே அந்த வீட்டுக்குக் குடிதண்ணீர், உணவு, பால்மா, வழக்கமான மருந்து ஆகியவற்றைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு எந்தப் பதவியிலுள்ளவருடையது, அவர் வராவிட்டால் யாரைக் கேட்பது என்பவை அதில் பதவிப் பெயரோடும் தொலைபேசி இலக்கத்தோடும் இருக்க வேண்டும். பொதி ஆட்களின் எண்ணிக்கைப்படி கணக்கிடப்பட வேண்டும்; கூரையை எண்ணிக் கொடுக்கக் கூடாது. பூட்டுகிற உத்தியோகத்தர் கையில் முதல் மூன்று நாட்களுக்கான பொருட்கள் இல்லாமல் அந்த வீட்டுப் படலைக்கு வரக் கூடாது.

நாட்கூலியிலும் வலைப் பங்கிலும் வாழ்வோருக்கு, ஒதுங்கியிருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கூலிக்கு ஈடான தொகையைப் பணமாகத் தாருங்கள். இதற்கான நிதி கொழும்பிலிருந்து வரவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். கேட்டு எழுத வேண்டியது நீங்கள். எழுதிய கடிதத்தின் பிரதியை எங்களுக்குக் காட்டுங்கள்.

படலையில் தாள் ஒட்டும் வழக்கத்தைக் கைவிடுங்கள். தவிர்க்க முடியாத நோய் என்றால், தாளில் முடிவுத் திகதியும் உதவிக்கான இலக்கமும் இருக்கட்டும், அதை ஒட்டியவரே வந்து அகற்றட்டும்.

பாடசாலைகளை எடுப்பதானால், வெள்ள முகாமாகாதவற்றை இப்போதே தெரிவுசெய்து, கழிவறைக்குத் தாழ்ப்பாளும் மின்குமிழும் போட்டு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப்பகுதி ஒதுக்கி, ஒவ்வொரு நிலையத்திலும் இரவு பகலாகப் பெண் உத்தியோகத்தர் ஒருவரையும் தமிழ் பேசும் பொறுப்பாளர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். தொற்று உறுதியானவர் முடிவு வராதவரோடு ஒரு மணி நேரமேனும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. அழைத்துச் செல்லப்படுபவரின் குடும்பத்துக்கு, வாகனம் புறப்படுமுன், போகுமிடம் எழுத்தில் தரப்பட வேண்டும்.

வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் காய்ச்சல்காரருக்குக் காற்றோட்டமான தனி வாசலும் தனி இடமும் இப்போதே ஏற்படுத்துங்கள். களஞ்சியமாகிவிட்ட காய்ச்சல் அறைகளைத் திரும்பத் திறவுங்கள். சிற்றூழியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் மருத்துவருக்குக் கொடுக்கும் அதே தரத்தில் முகக்கவசமும் பயிற்சியும் கொடுங்கள். நோயாளியின் படுக்கையை மாற்றுகிறவர்கள் அவர்களே.

இறந்தவரின் உடல், விஞ்ஞானம் இடம்கொடுக்கும் எல்லைக்குள், அவரவர் மத முறைப்படி அவரவர் ஊரிலேயே அடக்கவோ எரிக்கவோ படும் என்று மாவட்ட மட்டத்தில் இப்போதே அறிவியுங்கள். அந்த அறிவித்தலில் பள்ளிவாசல்களின், கோயில்களின், தேவாலயங்களின் பொறுப்பாளர்களும் உங்களோடு சேர்ந்து கையொப்பமிடட்டும்.

தொற்றுக் காலத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், தமிழில், ஒரு வைத்திய அதிகாரி எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓர் ஊரில் நிலையம் அமைக்கும் முன் அந்த ஊர் மண்டபத்துக்கு வந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் மாதர் சங்கம், மீனவர் சங்கம், மதத் தலங்கள் ஆகியவற்றிலிருந்து ஆட்களைத் தெரிந்து ஒரு குழு அமையுங்கள். குடம் வைத்த எங்கள் பிள்ளைகளைப் போன்றவர்கள் பகலில், அடையாள அட்டையோடு, அந்த வேலையைச் செய்யட்டும்.

இந்தக் கோரிக்கைகளில் எவை உங்களால் முடியும், எவை முடியாது, முடியாதவை யார் கையில் இருக்கின்றன என்பதை வரும் மாரி தொடங்குமுன் எங்கள் சங்கத்துக்குத் தமிழில் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அடுத்த அனர்த்த முன்னாயத்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை வடிகானுக்கு முன் முதலாவது விடயமாகச் சேர்த்து, அன்று எங்களையும் அழைக்க வேண்டும்.

செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
கரையோரக் கிராமம் ஒன்று, அம்பாறை மாவட்டம்.